நிலக்காட்சி வரைந்து பிரிண்ட் விற்று வாழ்வது: நாள் உண்மையில் எப்படிப் போகிறது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வார இறுதியில் நிலக்காட்சி வரைகிறீர்கள், பார்க்கிறவர்கள் "இதை பிரிண்ட் போட்டு ஆன்லைனில் விற்கலாமே" என்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்தால் ஒரு நாள் எப்படிப் போகும், வரைந்துகொண்டே இருக்க முடியுமா, காசு வருமா. நான் பல வருடங்களாக இதைத்தான் செய்துவருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாள் முழுக்க வரைய முடியாது. என் வேலை நேரத்தில் தூரிகை கையில் இருப்பது மூன்றில் ஒரு பங்குதான். மீதி ஸ்கேன், நிறம் சரிபார்ப்பு, சோதனை அச்சு, பேக்கிங், மெயில், கணக்கு என்று போய்விடும். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம், அந்த மூன்றில் ஒரு பங்கை நாளின் எந்தப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதுதான் விஷயம். நான் காலையை ஓவியத்துக்குக் கொடுத்துவிட்டேன், மதியத்துக்கு மேல்தான் கடை. காலையில் போனைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் "என் பார்சல் இன்னும் வரவில்லை" என்று ஒரே ஒரு மெயில் கண்ணில் பட்டால் போதும், உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும்போது வானம் தெரியாது, அந்த பார்சல் எங்கே மாட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் மனசு ஓடும். அந்த மெயிலுக்கு மதியம் இரண்டு மணிக்குப் பதில் எழுதினாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இது பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

வெளியே போய் வரைவதைச் சொல்கிறேன். வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஒன்பது மணிக்கு மரத்தடியில் நீளமாகக் கிடந்த நிழலைப் பதினொரு மணிக்குத் தேடினால் அது பாதியாகச் சுருங்கி வேறு பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் ஒரு இடத்தில் எனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம், அதுவும் முதல் பத்து நிமிடத்திலேயே நிழல்களின் வடிவத்தைப் பென்சிலில் பிடித்துவைத்தால்தான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களைக் கூடவே வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அந்தப் பழக்கத்தை நான் சின்ன அளவில் வைத்திருக்கிறேன்: அட்டையில் இரண்டு தாள், ஒன்று ஏறுவெயிலுக்கு, ஒன்று மேகம் மூடினால் எடுப்பதற்கு. ஒரு காலையில் இரண்டும் முடியாமல் திரும்புவதும் உண்டு, ஆனால் அந்த அரைகுறைத் தாளில் இருக்கும் நிறக் குறிப்புகள் வீட்டில் உட்கார்ந்து பெரிதாக வரையும்போது எந்தப் போட்டோவை விடவும் உதவும். போனில் எடுத்த படத்தில் நிழல் கறுத்துப்போயிருக்கும், கண்ணால் பார்த்தபோது அதற்குள் ஊதாவும் பச்சையும் இருந்திருக்கும்.

வரையத் தொடங்கும்போதே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், ஆரம்பத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை: படத்தின் நீள அகல விகிதம். பிரிண்ட் வாங்குகிறவர் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஃப்ரேமில் அதை மாட்டத்தான் நினைப்பார். ஏ4, ஏ3 வகையின் விகிதம் 1:1.414. அங்குல அளவில் 8×10 என்றால் 4:5, 12×16 என்றால் 3:4, 12×18 என்றால் 2:3. மனம் போன போக்கில் நீளமாக ஒரு தாளை வெட்டி வரைந்த படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், பிரிண்ட் ஆகும்போது ஒன்று ஓரத்தில் வெட்டுப்படும், இல்லையென்றால் வாங்கியவர் தனியாகச் சொல்லி ஃப்ரேம் செய்ய வேண்டிவரும், அந்தச் செலவைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். இப்போது நான் 3:4, 4:5 இரண்டில்தான் பெரும்பாலும் வரைகிறேன். அகன்ற சமவெளியை வரைய ஆசை வந்தால் அதை மூலப்படமாக (கையால் வரைந்த அசலாக) மட்டும் விற்கும் எண்ணத்தோடு வரைகிறேன்.

அடுத்தது ஓவியத்தை ஃபைல் ஆக்குவது. இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மெலிதான மலிவு ஸ்கேனர்களில் பெரும்பாலும் இருப்பது சிஐஎஸ் என்ற வகைச் சென்சார் (படத்தைப் பதியும் உணரி). கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டும்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும், தாள் கொஞ்சம் அலைபோல் வளைந்திருந்தாலும் அந்த இடம் மங்கிவிடும். நீர்வண்ணத் தாள் எப்போதும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். அதனால் கொஞ்சம் தள்ளி இருப்பதையும் தெளிவாகப் பிடிக்கும் சிசிடி சென்சார் உள்ள ஸ்கேனர் வாங்குங்கள், பழையது கிடைத்தாலும் பரவாயில்லை. அளவைப் பொறுத்தவரை ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பிரிண்ட் உலகின் பொதுக்கணக்கு: ஏ4க்கு 2480×3508 பிக்சல், ஏ3க்கு 3508×4961, ஏ2க்கு 4961×7016. ஏ4 அளவில் வரைந்ததை ஏ2வில் பிரிண்ட் போட வேண்டுமென்றால் 600இல் ஸ்கேன் செய்தால்தான் கட்டுப்படியாகும். எண்ணெய் வண்ணம் என்றால் ஸ்கேனர் வேண்டாம், கேமராதான் சரி, விளக்குக்கு முன்னாலும் லென்ஸிலும் போலரைசிங் ஃபில்டரை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் வண்ணத்தின் மேலுள்ள பளபளப்பு போய்விடும்.

ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு குன்று, அதன் அடிவாரம் முழுக்க நிழல். அந்த நிழலை அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து ஒரே ஓட்டத்தில் போட்டிருந்தேன். அல்ட்ராமரின் காயும்போது பொடிப்பொடியாகத் தாளின் குழிகளில் இறங்கித் தங்கும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் மணல் தூவியதுபோல நீலமும் காவியும் பிரிந்து நிற்கும், தள்ளி நின்று பார்த்தால் சூடான சாம்பல் நிறம். அந்தப் படத்தின் அழகே அதுதான். ஸ்கேன் செய்து முதல் பிரிண்ட் எடுத்தேன், நிழல் தட்டையான நீலமாக வந்தது, மேலே வானத்தில் இருந்த வெளிர்மஞ்சள் மென்பூச்சு இருந்த இடமே தெரியவில்லை. ஸ்கேனருக்கு வெளிர் நிறங்களை விழுங்கும் குணம் உண்டு. அதன் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால் தாளின் சொரசொரப்பும் சின்னச் சின்ன நிழல்களாகப் பதிந்து வண்ணப் பொடியோடு கலந்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது ஒரு எளிய வேலை: படத்தை ஒரு முறை நேராகவும், ஒரு முறை 180 டிகிரி திருப்பிவைத்தும் ஸ்கேன் செய்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாதிக்குப் பாதி கலப்பது. தாளின் நிழல்கள் ஒன்றையொன்று அமுக்கிவிடும், வண்ணத்தின் பொடி நிற்கும். அதன் பிறகு வானத்துக்கு மட்டும் மஞ்சளைத் திரும்பக் கொண்டுவந்தேன். மொத்தம் ஏழு சோதனை அச்சுகள், மூன்று நாள். ஏழாவதை மூலப்படத்தின் பக்கத்தில் ஜன்னலோரம் வைத்தபோது அந்தச் சாம்பல் நிறம் வந்திருந்தது. அன்றைக்கு ஏற்பட்ட நிறைவு, படத்தை வரைந்து முடித்த நாளுக்குக் குறைந்ததில்லை. பிரிண்ட் எடுப்பதும் ஒரு படைப்பு வேலைதான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பிரிண்டர் மேல் தப்பில்லை, உங்கள் மானிட்டர் வெளிச்சம் அதிகம். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தின் அளவு) வரை குறைத்து, அளவிடும் கருவியால் நிறத்தைச் சரிசெய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு ஐசிசி ப்ரொஃபைல், அதாவது நிறங்கள் எப்படி அச்சாகும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஃபைல். ஒவ்வொரு தாளுக்கும் மைக்கும் சேர்த்து ஒரு ப்ரொஃபைல் இருக்கும், தாள் தயாரிப்பவர்களே இலவசமாகக் கொடுக்கிறார்கள், அச்சகத்தில் கொடுத்து எடுப்பதானால் அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். படத்தின் ஃபைலை அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிற வரம்பில் வைத்துக்கொண்டு, வெப்சைட்டில் போடுவதை மட்டும் சாதாரணத் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபியாக மாற்றுங்கள். என்ன செய்தாலும் சில நிறங்கள் பிரிண்டில் வராது. ஒளிரும் ரோஜா நிறங்கள் வரவே வராது, அந்தச் சாயம் மூலப்படத்திலேயே வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்பது இன்னொரு குறை. நான் அதை டப்பாவிலிருந்தே எடுத்துவிட்டேன்.

தாள், மை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிக்மென்ட் மை (நிறம் நுண்துகளாக இருக்கும் மை), அமிலமில்லாத பருத்தித் தாள், தாளின் எடை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பக்கம் இருக்கட்டும். டை மையில் (நிறம் கரைந்திருக்கும் மை) எடுத்த பிரிண்ட் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெளிச்சம் படும் சுவரில் பிக்மென்ட் மை நிற்கும் அளவுக்கு அது நிற்காது. வெள்ளைவெளேரென்று இருக்கும் தாள்களில் வெளுப்பேற்றும் வேதிப்பொருள் கலந்திருக்கும், நாள்பட அந்தப் பொருளின் வீரியம் போய்த் தாள் மஞ்சளாகும், கொஞ்சம் பழுப்புச் சாயல் உள்ள தாள்தான் நீர்வண்ணத்துக்குப் பொருத்தம். "ஜிக்லே பிரிண்ட்" என்று எல்லோரும் போடுகிறார்களே, இங்க்ஜெட்டில் எடுத்த கலைப் பிரிண்ட்டைக் குறிக்கும் அந்தச் சொல்லை 1991இல் ஜாக் டுகேன் என்ற அச்சுக் கலைஞர் உருவாக்கினார், பீய்ச்சுவது என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து. அந்தப் பெயர் மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. அதனால் என்ன மை, என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் என்று நான் விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன், வாங்குகிறவருக்கு அதுதான் தேவை.

பிரிண்ட் விற்பது மூலப்படம் விற்பதைவிடத் தாழ்ந்தது என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிந்தது. அந்தத் தயக்கம் வேண்டாம். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830ஐ ஒட்டித் தொடங்கிய ஃபூஜி மலைக் காட்சிகள் வரிசையே மரக்கட்டையில் அச்சடித்துச் சாதாரண மக்களுக்கு விற்றதுதான். 36 என்று அறிவித்த வரிசைக்குக் கிடைத்த வரவேற்பில் இன்னும் 10 சேர்த்து 46 ஆனது. ஆங்கிலேய ஓவியர் டர்னர் 1807 முதல் 1819 வரை தன் நிலக்காட்சிகளை அச்சுப்படங்களாகப் பகுதி பகுதியாக வெளியிட்டார், 100 திட்டமிட்டு 71 வந்தன. அச்சு எப்படி வருகிறது என்பதில் அவரும் தலையிட்டுக் கொண்டேதான் இருந்தார். நிலக்காட்சி என்கிற வகையே வீடுகளின் சுவருக்கு வந்து சேர்ந்ததில் அச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

எண்ணிக்கை பற்றி: 50 பிரதிதான் என்று சொல்லி 12/50 என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த 50ஐ எந்தக் காலத்திலும் மீறக் கூடாது, "வேறு அளவில்தானே" என்ற சாக்கும் கூடாது. இந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் எண்ணிடாமல் திறந்த பதிப்பாக விற்கலாம், அதில் குறைவே இல்லை. நான் சின்ன அளவைத் திறந்த பதிப்பாகவும், பெரிய அளவை எண்ணிட்டும் விற்கிறேன். எந்த எண் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிவைக்கிறேன்.

விற்கும் இடம். பிரிண்ட்-ஆன்-டிமாண்ட் தளத்தில் படத்தை ஏற்றிவிட்டால் அவர்களே அச்சடித்து அனுப்பிவிடுவார்கள், ஆனால் உங்கள் பங்கு சிறியது, எந்த பிரிண்ட் என்ன நிறத்தில் போகிறது என்று உங்கள் கண் பார்க்காது. எட்ஸி போன்ற ஆன்லைன் சந்தையில் ஆட்கள் தேடி வருவார்கள், அதற்கு விலை உண்டு: 2022 ஏப்ரலில் அவர்கள் விற்பனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கினார்கள், அனுப்பும் செலவாக வாங்கும் தொகைக்கும் அது பொருந்தும், பணம் செலுத்தும் கட்டணம் தனி. சொந்த வெப்சைட்டில் கட்டணம் குறைவு, ஆனால் ஆளை நீங்கள்தான் கூட்டிவர வேண்டும். நான் சந்தையில் தொடங்கி, பிறகு சொந்தத் தளத்தையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டையும் தாங்குவது மெயில் பட்டியல்தான். சமூக ஊடகத்தில் ஒரு படத்துக்கு ஆயிரம் விருப்பம் வந்த வாரத்தில் ஒரு பிரிண்ட்கூடப் போகாததும் உண்டு, மாதம் ஒரு முறை எழுதும் மெயிலுக்கு ஆர்டர் வராமல் இருந்ததில்லை. அந்த மெயிலில் நான் பெரிதாக ஒன்றும் எழுதுவதில்லை, எந்தக் காலையில் எங்கே உட்கார்ந்தேன், வெளிச்சம் எப்படி மாறியது, அவ்வளவுதான்.

ஏன் வாங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆற்று வளைவை வரைந்திருந்தேன், கரையில் சாய்ந்த ஒரு மரம், பெரிய வேலைப்பாடு ஒன்றும் இல்லாத படம். வாங்கியவர் எழுதினார்: இப்படி ஒரு வளைவில்தான் எங்கள் அப்பா எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார், மரம்கூட இதே பக்கம்தான் சாய்ந்திருக்கும். நான் வரைந்த ஆறு வேறு, அவருடைய ஆறு வேறு. நிலக்காட்சியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் மனசுக்குள் இருக்கும் ஒரு இடத்தைத் தேடித்தான் வருகிறார்கள். அதனால் என் படங்களில் ஆள் நுழைய ஒரு வழியை, ஒரு ஒற்றையடிப் பாதையோ நீரின் ஓரமோ, திறந்துவிடப் பழகிக்கொண்டேன்.

மதியம் பேக்கிங். பருத்தி கையுறை போட்டுக்கொள்கிறேன், விரலின் எண்ணெய் பளபளப்பில்லாத மேட் தாளில் கறையாகப் பதிந்தால் போகாது. புதிதாக அச்சான பிரிண்ட்டை ஒரு நாளாவது காற்றில் ஆறவிட வேண்டும், மையில் உள்ள கரைப்பான் முழுக்க வெளியேறாமல் கண்ணாடிக்குள் போட்டால் கண்ணாடியின் உட்புறம் மூடுபனிபோலப் படியும். ஆறியதும் கிளாஸின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாளில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு கெட்டியான நெளி அட்டைகளுக்கு நடுவே வைக்கிறேன். அட்டைகளின் நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும்படி வைத்தால் எந்தப் பக்கமும் மடங்காது. நான்கு மூலைக்கும் தனி அட்டைக் காப்பு. ஏ2வுக்கு மேல் போனால்தான் குழாய், அதுவும் அகலமான குழாய், தடித்த பருத்தித் தாளை ஒல்லியான குழாயில் இறுக்கிச் சுற்றினால் அது பிரித்த பிறகும் சுருண்டே கிடக்கும், மேல்பூச்சில் கீறலும் விழலாம். ஒரு கூரியர் என் குழாயை நசுங்கிய நிலையில் ஒப்படைத்தது. வாங்கியவர் அனுப்பிய போட்டோவில் குன்றின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அன்றே வேறு பிரிண்ட் அனுப்பினேன், கேள்வியே கேட்கவில்லை. அதற்குப் பிறகு விலை வைக்கும்போதே நூற்றில் சில பார்சல் வீணாகும் என்று கணக்கில் சேர்த்துவிடுகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இந்தத் தொழிலில் பொய்க்காது.

வெளிநாட்டுக்கு அனுப்பினால் சுங்கத் தாளில் சரியான குறியீடு போடுங்கள். கையால் வரைந்த மூலப்படம் 9701இல் வரும். இங்க்ஜெட் பிரிண்ட் 4911இல் வரும். 9702 என்று ஒன்று இருக்கிறது, அது கலைஞர் தன் கையாலேயே உருவாக்கிய தகட்டிலிருந்து எடுக்கும் அச்சுப்படங்களுக்கு, எண்ணிட்ட ஜிக்லே அதில் சேராது. இதில் குழப்பினால் பார்சல் நாட்கணக்கில் நின்றுவிடும்.

படத் திருட்டும் நடக்கும். நீங்கள் வரைந்த நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது, இந்த உரிமை பற்றிய 1886இன் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் இதற்குப் பதிவு நிபந்தனை இல்லை. மூலப்படத்தை விற்றாலும், எழுதிக்கொடுக்காத வரை, பிரதி எடுக்கும் உரிமை பொதுவாக உங்களிடமே இருக்கும், இதை ரசீதில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. வெப்சைட்டில் நீளப் பக்கம் 1200 பிக்சலுக்கு மேல் நான் போடுவதில்லை. மாதம் ஒரு முறை என் பிரபலமான பத்துப் படங்களைப் படத்தேடலில் போட்டுப் பார்க்கிறேன், எங்காவது விற்கப்பட்டால் அந்தத் தளத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்புகிறேன். முதல் முறை பார்த்தபோது இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. இப்போதும் வலிக்கிறது, ஆனால் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வரையப் போய்விடுகிறேன்.

வருமானம் சீராக வராது. என் விற்பனையில் பெரும்பகுதி ஆண்டின் கடைசி இரண்டு மாதத்தில், பரிசு வாங்கும் காலத்தில் வருகிறது. அந்த மாதங்களில் வரைவது ஏறக்குறைய நின்றுபோகும், அதற்குப் பிறகு வரும் மந்தமான மாதங்களில்தான் நல்ல படங்கள் பிறக்கின்றன. அந்த மந்தத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க ஆறு மாதச் செலவு கையில் வேண்டும். அது சேரும் வரை வேலையை விடாதீர்கள், அகலக்கால் வைக்க வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே காலை ஒரு மணி நேரம் வரையலாம், சனிக்கிழமை மதியம் அனுப்பலாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இப்போதைக்கு உங்கள் படங்களில் ஐந்தை மட்டும் எடுங்கள். நல்ல தாளில் ஒவ்வொன்றும் ஒரு பிரிண்ட் எடுத்து, விற்பதாக இருந்தால் எப்படி பேக் செய்வீர்களோ அப்படியே செய்து, தூரத்தில் இருக்கும் ஒரு நண்பருக்கு அனுப்பி, பிரிக்காமல் அப்படியே உங்களுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் முதலில் மூலைகளைப் பாருங்கள். அப்புறம் பிரிண்ட்டை மூலப்படத்தின் பக்கத்தில் வைத்து, ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்திலும் ஒரு முறை இரவு விளக்கிலும் பாருங்கள். நிழல்களில் நிறம் இருக்கிறதா என்று எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.